பந்துக்குப் பாதிச் சம்பளம்

புங்கங்காடு, இராசிபுரம்
பவ வருஷம் ஆனி 20

தங்கச்சி பாவாயிக்கு அண்ணன் நாச்சிமுத்து சொல்ல, வாத்தியார் ரங்கன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக இல்லையென்றாலும் கடுதாசியில் சொல்லமாட்டேன். வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிவிடுவார். இதையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பேரன் ராசு இந்நேரம் அம்மாபேட்டையில் உன் வீடு வந்து சேர்ந்திருப்பான். தகரப்பெட்டி, ஒரு மூட்டை கம்பு, ஒரு சட்டி நெய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கம்பு வீட்டுக்கு. நெய் ராசுவுக்கு. இதை மாற்றிப் புரிந்துகொள்ளாதே.

அவனைக் காலேஜுக்கு அனுப்புகிற எண்ணம் எனக்கு இருந்ததில்லை. பரீட்சை தேறிவிட்டான், பத்திரம் படிக்கத் தெரிகிறது, போதும் என்றிருந்தேன். போன மாதம் ஒருநாள் என் தண்ணீர் முறை முடிந்து கிணற்றிலிருந்து எருதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறைக்குச் செங்கோட்டையன் எருதைப் பிடித்துக்கொண்டு வந்தான். பங்காளி என்று இத்தனை வருஷம் ஒரே கிணற்றில் இறைக்கிறோம், அவன் வாயைத் திறந்தால் நல்லது வந்து நான் கேட்டதில்லை.

"ஏனுங் நாச்சிமுத்தண்ணா, நம்ம தண்டாயுதபாணியச் சேலத்துக் காலேசுல கூப்புடறாங்க. அவன் பந்து ஒதைக்கற காலுக்குப் பாதிச் சம்பளந்தான் வாங்குவாங்களாம்" என்றான்.

காலேஜில் நாம் கட்டுவதற்கும் சம்பளம் என்றுதான் பெயராம். அவன் பேரன் பந்து டீமில் இருக்கிறவரைக்கும் பாதி கட்டினால் போதுமாம்.

"காலப் பாத்து வெல போடறதுக்கு அதென்ன மாட்டுச் சந்தையா?" என்றேன்.

"ஆமாங்கண்ணா, நல்ல காலா இருந்தா நல்ல வெலதானுங்க" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் பாவாயி. நீ அப்போது தவழ்கிற பிள்ளை. கரும்பாலையில் பெரியப்பன் வெல்லக்கட்டியை உடைத்துக் கொடுத்தார். பெரிய துண்டு தன் மகன் செங்கோட்டையன் கையில், உதிர்ந்த தூள் என் கையில். கொப்பரைக்குத் தெற்கே, வேப்பங்கட்டை மேல் உட்கார்ந்து, இதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு தின்றான். இடது பக்கம் ஒரு பல் இல்லை. எனக்கு எழுத்துதான் தெரியாது. மறக்கவும் தெரியாது.

மறுநாள் இராசிபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டிரில் மாஸ்டரைப் பிடித்து, "எங்க ராசுவுக்கு ஒண்ணும் கெடையாதுங்களா?" என்று கேட்டேன். "உங்க பேரனுக்குக் கையி நல்ல கையிங்க. பந்து வந்துச்சுன்னா உடமாட்டான்" என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுக்கு ராசுவுக்கும் பாதிச் சம்பளம் ஆயிற்று. அவன் பேரனுக்குக் காலென்றால் என் பேரனுக்குக் கை.

பாதி என்றால் நிலக்கடலையில் அடங்கிவிடும். முழுசு என்றால் மயிலை எருது ஜோடியைச் சந்தைக்கு ஓட்ட வேண்டும். மயிலை போனால் என் முறைக்கு இறைக்கக் கிழட்டுச் செவலை ஜோடிதான் மிச்சம். அது மூச்சு வாங்குவதைச் செங்கோட்டையன் வரப்பில் நின்று பார்ப்பான். அதனால் ராசு டீமில் இருக்க வேண்டும். அதே சமயம் படிக்கவும் வேண்டும். சாயங்காலம் பந்தை உதைத்துவிட்டு வந்து புத்தகத்தை எடுக்கிறானா, பாயை எடுக்கிறானா, நீ பார்த்து எழுது.

இன்னொன்று. தண்டாயுதபாணியையும் உன் வீட்டில்தான் தங்கவைக்கிறாய் என்று கேள்வி. செங்கோட்டையனும் உனக்கு அண்ணன் முறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் நான். தயிர் ஊற்றும்போது இதை நினைவில் வை.

நாச்சிமுத்து, கைநாட்டு.


அம்மாபேட்டை, சேலம்
5 ஆகஸ்டு 1934

அண்ணாவுக்குப் பாவாயி கும்பிட்டுச் சொல்வது. எழுதுவது பேரப்பிள்ளை.

நெய் தீர்ந்துவிட்டது. யாருக்கு ஊற்றினேன் என்று கேட்காதே. இரண்டு பிள்ளைகள் ஒரே வட்டிலில் கை வைத்துச் சாப்பிடுகிறபோது நெய்யில் நான் வரப்பு போட முடியுமா? தயிரும் அப்படித்தான்.

பிள்ளைகள் இருவரும் காலையில் படிக்கிறார்கள். சாயங்காலம் மைதானத்துக்குப் போகிறார்கள். விளக்கு வைத்தபின் வந்து, திண்டில் சாய்ந்துகொண்டு பாடம் சொல்லிப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒருத்தன் தப்பாய்ச் சொன்னால் இன்னொருத்தன் அவன் தொடையில் ஓங்கி ஒன்று வைக்கிறான், அதனால் படிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

ராசு டீமில் நிலையாக இருக்கிறான். கவலைப்படாதே. பாதிச் சம்பளம்தான் கட்டியிருக்கிறது. அவனுக்குக் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிற வேலை. தண்டாயுதபாணிக்கு முன்னால் ஓடுகிற வேலை. போன சனிக்கிழமை ஈரோட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நானும் பக்கத்து வீட்டு மயிலம்மாளும் வேலி ஓரமாய் நின்று பார்த்தோம். தண்டாயுதபாணி உதைத்த பந்து மூன்று தரம் உள்ளே போயிற்று. மூன்றாவது தரம் ஒரு கூட்டமே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது.

எழுதுகிற பிள்ளை இந்த இடத்தில் எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டான். "எழுது சாமி, நடந்ததத்தான சொல்றேன்" என்று அதட்டி எழுத வைத்தேன்.

ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ அண்ணா. வயசான காலத்தில் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கெட்டுப்போகும்.

பாவாயி.


புங்கங்காடு
பவ வருஷம் புரட்டாசி 2

தங்கச்சி பாவாயிக்கு.

வந்து பார் என்றாய். வந்தேன். பார்த்தேன். உன் வீட்டுக்கு வராமலே திரும்பினேன். வந்திருந்தால் நல்ல வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

இராசிபுரத்தில் மோட்டார் ஏறி, குடல் குலுங்க வந்து இறங்கி, மைதானத்தை விசாரித்துப் போய், ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். ஊரே கூடியிருந்தது. தறிக்காரர்கள், மண்டிக்காரர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள், சோடா விற்கிறவன். பந்து வைத்தார்கள். வைத்த நேரத்திலிருந்து எல்லாரும் கத்தியது ஒரே பெயரைத்தான். என் பேரன் பெயரை அல்ல.

எனக்கு முன்னால் இருந்தவன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். "ஆருப்பா அந்தக் கருத்த பையன்? அது காலா காத்தா?"

"ராசிபுரம் பக்கமாம். பண்ணயக்காரர் ஊட்டுப் பையன்."

பிறகு என் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, "ஏனுங் கவுண்டரே, நீங்களும் அந்தப் பக்கமுங்களா?" என்று கேட்டான்.

"இல்லீங்க. நான் கரூருங்க" என்றேன். இந்த வயசில் ஊரையே மாற்றிச் சொல்ல வைத்துவிட்டான் அந்தப் பையன்.

ராசு என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? நின்றான். இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்றான். ஒருதரம் கம்பத்தில் சாய்ந்து நின்றான். ஒருதரம் புல்லைக் கிள்ளி வாயில் வைத்தான். எல்லாரும் மறுகோடியில் பந்தோடு புரளுகிறார்கள், இவன் பக்கம் ஒருத்தன் திரும்பவில்லை. இரண்டே தரம் பந்து வந்தது. வந்ததை அள்ளி அவர்களிடமே எறிந்துவிட்டான். வைத்துக்கொள்ளக்கூட விடவில்லை. "அந்தக் கோல்ல நிக்கற பையன் பாவம், தூங்கிப்போயிருவான்" என்று முன்னால் இருந்தவன் சொல்லிச் சிரித்தான். மாட்டுச் சந்தையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குக்கூட அதைவிட வேலை உண்டு.

இதற்கா அவனை அனுப்பினேன்? என் பேரனை ஓரத்தில் நிறுத்திவிட்டு, செங்கோட்டையன் பேரன் நடுவில் ஆடுகிறான். அந்த வீட்டு வழக்கமே அதுதான். வெல்லத்தில் பெரிய துண்டு, தண்ணீரில் முதல் முறை, பாகத்தில் மேட்டுக்காடு எனக்கு, வண்டல் காடு அவனுக்கு. இப்போது பந்தும். அந்தப் பையனைத் தாயில்லாப் பிள்ளை என்று நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். பிறந்த அன்றைக்கே பெற்றவளை விழுங்கியவன் அவன். அடுத்தவர் பங்கை எடுத்துக்கொண்டு வளர்வது அவனுக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

வாத்தியார் இதை எழுதட்டுமா என்று கேட்கிறார். எழுதச் சொன்னேன்.

போன கடுதாசியில் அவன் உதைத்ததை எழுதமாட்டேன் என்று ராசு பேனாவை வைத்துவிட்டானாமே. ஏன் எழுதுவான்? அவனுக்கும் என்னைப்போல வயிறு எரியாதா? என் ரத்தம்.

முடிவாகச் சொல்கிறேன். தீபாவளிக்குள் ராசு முன்னால் ஓடுகிற இடத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் பாதிச் சம்பளமும் வேண்டாம், முழுச் சம்பளமும் வேண்டாம். வந்து ஏர் பிடிக்கட்டும். இதைப் படித்து அவனிடம் சொல்.

நாச்சிமுத்து, கைநாட்டு.


அம்மாபேட்டை
14 அக்டோபர் 1934

அண்ணாவுக்கு.

இந்தக் கடுதாசியைப் பேரன்கள் எழுதவில்லை. மயிலம்மாள் வீட்டுக்காரர் கைலாசம் எழுதுகிறார். நூல்கடையில் கணக்கெழுதுகிறவர், வெளியே சொல்லமாட்டார்.

உன் கடுதாசி வந்த அன்று ராசு வீட்டில் இல்லை. எனக்கோ எழுத்து தெரியாது. வந்த கடுதாசியை எந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறானோ அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதுதான் வழக்கம். தண்டாயுதபாணிதான் இருந்தான். போன கடுதாசியை எழுதியதும் அவன்தான். தன் பெருமையைத் தானே எழுதக் கூச்சப்பட்டுத்தான் பேனாவை வைத்தான். அதை நீ உன் ரத்தம் என்றாய்.

நான் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சுவரில் சாய்ந்து படித்தான். கரூருங்க என்று நீ சொன்ன இடத்தில் அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். பிறகு ஓர் இடத்தில் நிறுத்திவிட்டான்.

"என்ன சாமி, எழுத்து வெளங்கலியா?" என்றேன்.

"வெளங்குதுங் ஆத்தா" என்றான்.

படித்தான் அண்ணா. ஒரு சொல் விடாமல், முன்னே படித்த அதே குரலில் படித்தான். கடைசியில் உன் கைநாட்டு வரைக்கும் படித்துவிட்டு, மடித்து மாடத்தில் வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனான். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. தெருக்கோடி வரைக்கும் போய்விட்டுத்தான் அது அவனுக்கு நினைவு வந்திருக்கிறது.

நடந்ததைக் கேள். அடுத்த வாரம் திருச்சினாப்பள்ளிப் பிள்ளைகளோடு ஆட்டம். கோப்பைக்கான ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்து எலுமிச்சம்பழம் சப்பிக்கொண்டிருந்தபோது, தண்டாயுதபாணி ராசுவிடம், "நீ முன்னால போடா, நான் நின்னுக்கறேன். அப்பாரு கூப்புட்டுக்கிட்டா என்னடா பண்ணுவ?" என்றானாம். அப்பாரென்றது உன்னைத்தான். ராசுவும் உனக்குப் பயந்து ஒத்துக்கொண்டான். இரண்டு பேரும் யாரையும் கேட்கவில்லை. ராசு முன்னால் ஓடினான். பந்து அவன் காலுக்குள் புகுந்துகொண்டு அவனையே தள்ளியது. மறுகோடியில் தண்டாயுதபாணி கோலில் நின்றான். வந்த பந்தையெல்லாம் காலால் தடுக்கப் போய், ஒவ்வொன்றாய் உள்ளே விட்டான். கோப்பை போயிற்று.

காலேஜ் டிரில் மாஸ்டர் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார். "நெனச்ச எடத்துல நிக்கறதுக்கு இது என்ன, உங்கூட்டுக் களத்துமேடா?" காரணம் என்ன என்று எத்தனையோ கேட்டார். இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லவில்லை. இருவரையும் டீமை விட்டு நீக்கிவிட்டார். பாதிச் சம்பளம் போயிற்று. தீபாவளி கழிந்ததும் அடுத்த தவணை முழுசாகக் கட்ட வேண்டும்.

ராசுவை ஓரத்தில் நிறுத்தினார்கள் என்றாயே. மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரிலும் பந்தைக் கையால் தொடுகிற உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான். அவன் பக்கம் பந்து வரவில்லையென்றால் அவனுடைய டீம் நன்றாய் ஆடுகிறது என்று அர்த்தமாம். கைலாசம் சொல்கிறார். நீ யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கரூர்க்காரனாகவே இருந்தாவது கேட்டிருக்கலாம்.

பாவாயி.


புங்கங்காடு
பவ வருஷம் ஐப்பசி 4

பாவாயிக்கு.

வாத்தியார் உன் கடுதாசியை இரண்டு தரம் படித்தார். இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை, அவராகப் படித்தார்.

எந்த இடத்தில் நிறுத்தினான் என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

சரி. அதை விடு. எனக்குப் புரியாதது வேறு. அவனை யார் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள்? நான் கேட்டேனா? ராசுவை முன்னால் போடு என்று உன்னிடம் சொன்னேன். டிரில் மாஸ்டரிடம் நீ பேசி, நியாயமாய் வாங்கித் தருவாய் என்றுதான் சொன்னேன். அவன் கையிலிருந்து அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லவில்லை. எடுத்துக்கொள்வதில்தான் அந்த வீடு முந்தும் என்று இத்தனை வருஷம் நினைத்தேன். கொடுப்பதிலும் முந்திக்கொண்டான். ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? செங்கோட்டையன் பேரன் பெரிய மனசுக்காரன், நாச்சிமுத்து பேரன் அவன் கொடுத்ததை வாங்கிக்கூட ஆடத் தெரியாதவன். அதைத்தான் சொல்வார்கள்.

ராசுவைத் திருப்பி அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். இப்போது முடியவில்லை. ராசுவைக் கூப்பிட்டுக்கொண்டால், செங்கோட்டையன் பேரன் மட்டும் அங்கே இருப்பான். இருந்து படித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருவான். என்னால் பார்க்க முடியாது. ராசு அங்கேயே இருக்கட்டும்.

சந்தைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மயிலை ஜோடி. இரண்டும் என் கையில் கன்றாய் விழுந்தது, நான் காயடித்துப் பழக்கியது. நேற்று எருக்குழியோரம் கட்டியிருந்தவை என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. தீனிக்குத்தான். வேறு ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து.


அம்மாபேட்டை
1 நவம்பர் 1934

அண்ணாவுக்கு. இதையும் கைலாசம்தான் எழுதுகிறார்.

டிரில் மாஸ்டருக்குக் கோபம் தணிந்துவிட்டது. இரண்டு பேரையும் டீமுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். ஆனால் நீக்கியபோது ஒரு பாதிச் சம்பளத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பது ஒன்றுதான். யாருக்கு என்று உங்களுக்குள்ளேயே பேசி வந்து சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

வாசலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். தண்டாயுதபாணி ராசுவை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். செங்கோட்டையண்ணனிடமிருந்து முன்பே கடுதாசி வந்துவிட்டது. "காலுக்குன்னு கூப்புட்டாங்க, அனுப்பிச்சேன். காலு வேண்டாம்னா ஊட்டுக்கு வா. முழுசாக் கட்டிப் படிக்கற படிப்பு நமக்கெதுக்கு" என்று எழுதியிருக்கிறது. அதையும் அவனே எனக்குப் படித்துக் காட்டினான். அவன் படித்துக் காட்டுகிற கடுதாசி எல்லாம் ஏன் இப்படியே வருகிறது அண்ணா?

பெட்டியைக் கட்டிவிட்டான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் திரும்பப் போவதில்லை. ராசு அவன் பெட்டியை அவிழ்ப்பதும், அவன் திரும்பக் கட்டுவதுமாய் இருக்கிறார்கள். ராசுவைக் கேட்டேன். "அப்பாரு என்ன சொல்லுதோ அதானுங் ஆத்தா" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ ஆசைப்பட்டது நடக்கப்போகிறது. உன் பேரன் இங்கே படிப்பான். அதுவும் பாதிச் சம்பளத்தில். அவன் பேரன் அங்கே வந்து ஏர் பிடிப்பான். மயிலையை விற்க வேண்டியதில்லை. சந்தோஷமாய் இருக்கிறாயா என்று எழுது.

பாவாயி.


புங்கங்காடு
பவ வருஷம் ஐப்பசி 19

தண்டாயுதபாணிக்கு நாச்சிமுத்து சொல்வது.

இந்தத் தரம் உன் பெயருக்கே அனுப்பச் சொன்னேன். நீயே படி. பாவாயிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு என்னைத் திட்ட வேறு காரணம் நிறைய இருக்கிறது.

நேற்றுச் சந்தையில் மயிலை போயிற்று. மகுடஞ்சாவடிக்காரன் பிடித்துப் போனான். பாவாயியின் கடுதாசி வந்தது சந்தைக்கு முந்திய நாள். வந்ததும் மகன் சொன்னான், "அதான் ராசுவுக்குப் பாதி கெடைக்குதேங்கய்யா, எருத எதுக்கு ஓட்டறீங்க?" ஓட்டினேன். பணம் ராசு பெயருக்கு மணியார்டரில் வருகிறது. அவனுக்கு முழுச் சம்பளம் கட்டு. பாதிச் சம்பளம் உனக்கு. டிரில் மாஸ்டரிடம் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

இதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ மைதானத்தில் உன் இடத்தைக் கொடுத்தாய். உங்கள் வீட்டுக் கை மேலே, எங்கள் வீட்டுக் கை கீழே என்று இருப்பதை என்னால் பொறுத்துக்கொண்டு இருக்க முடியாது. அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. நீ நிறுத்திய இடம். அதை நான் திரும்ப வாங்க முடியாது. நீயே வாய்விட்டுப் படித்துவிட்டாய். இதையும் அப்படியே வாய்விட்டுப் படி.

நீ உன் தாயை விழுங்கவில்லை. அந்த ஐப்பசியில் விஷக்காய்ச்சல் ஊர் ஊராய்ப் புகுந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் போனாள். நீ பிறந்தபோதே உன் வீட்டில் காய்ச்சல் வந்து உட்கார்ந்திருந்தது. உன்னால் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இது அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

உன் தாய் பூவாத்தாள். தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண். அவளைப்பற்றி உன் வீட்டில் உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியாது. செங்கோட்டையன் சொல்லியிருக்கமாட்டான், அவனுக்கு எதுவும் ஞாபகம் நிற்காது. அவள் வாக்கப்பட்டு வந்த வருஷம் சோளம் பால் பிடித்திருந்தது. கிளி ஓட்டப் பரண் மேல் ஏறி நின்று கவண் வீசுவாள். இடது கையால் வீசுவாள். இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், கை பிறகு வரும், கல் எப்போது போயிற்றென்று தெரியாது. ஒருநாள் கல் வந்து என் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயிற்று. உங்கள் வீட்டுக் கல், என் தலைப்பாகை. விடுவேனா, சண்டைக்குப் போனேன். பரண் மேலிருந்து, "மாமா, பச்சத் துண்டக் கட்டீட்டு வந்தா நான் என்ன பண்றதுங்க? கிளின்னு நெனச்சுட்டேன்" என்றாள். உங்கள் வீட்டு வரப்பில் நின்று நான் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

புளியமரத்தடியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன் அல்லவா. நீ இடது காலை வீசும்போது இடுப்பு முதலில் திரும்புகிறது. கால் பிறகு வருகிறது. கூட்டம் உன் பெயரைச் சொல்லிக் கத்தியது. எனக்கு மட்டும் அது யார் வீச்சு என்று தெரிந்தது. அதுதான் எனக்கு வயிறு எரிந்த இடம். அவளையும் அந்த வீடுதான் கொண்டுவந்தது, அவள் வீச்சையும் அந்த வீட்டுப் பிள்ளையே வைத்திருக்கிறான், என் வீட்டில் ஒருத்தனுக்கும் இல்லையே என்று. நீ ஆடுவது நன்றாக இருக்கிறது. இதை எழுதும்போது வாத்தியார் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

பெட்டியை அவிழ்த்து வை. ராசுவோடு சேர்ந்து படி. பந்து வரும்போது அவன் கைக்கு விட்டுவிடு, நீ காலைக் கொடுக்காதே.

நான் பாதிச் சம்பளத்தை உனக்கு விட்டேன் என்று உன் தாத்தனிடம் சொல்லாதே. மயிலையை எதற்கு ஓட்டினேன் என்று தெரியாமல் நேற்றுச் சந்தையில் நின்று சிரித்தான்.

இல்லை, சொல். தீபாவளிக்கு வரும்போது, அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பான். அப்போது சொல். அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுது. நீ எழுதினால் சரியாக இருக்கும்.

நாச்சிமுத்து, கைநாட்டு.